கால் கொடுக்காத அக்கா

பெரிய வியாழனன்று கோயிலில் கால் கழுவிக்கொள்ளப் போகிறவர்கள் வீட்டிலேயே நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருகிறார்கள். செங்கல் துண்டால் குதிகாலை உரசுகிறார்கள். வெடிப்பில் வாஸ்லின் பூசுகிறார்கள். நகம் வெட்டுகிறார்கள். ஃபாதர் குனிந்து ஊற்றுகிற தண்ணீர் எப்படி விழுந்ததோ அப்படியே பேசினில் கிடக்கிறது. அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். இதைவிடப் பெரிய பித்தலாட்டம் எங்கள் கோயிலில் கிடையாது.

இதை நான் ஒரு தவக்காலக் கூட்டத்தில் எழுந்து நின்றே சொல்லியிருக்கிறேன். ஹாலிஎலயிலிருந்து மேலே ஏறுகிற ரோட்டில் உள்ள சின்னத் தேயிலைத் தோட்டக் கோயில் எங்களுடையது. ஃபாதர் பதுளையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். இயேசு தம் பன்னிரண்டு அப்போஸ்தலர்களின் காலைக் கழுவியதன் நினைவாக ஃபாதர் கால் கழுவ, பன்னிரண்டு ஆள் பிடித்து நாற்காலிகளில் உட்காரவைப்பது என் பொறுப்பு. ஃபெக்டரியில் வேலை செய்கிறவன், தோட்டத்தில் எல்லாரையும் தெரிந்தவன் என்பதால் இந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். "கால் குடுக்க வர்றவங்க அப்படியே வாங்க. கழுவிட்டு வராதீங்க. அப்புறம் அவரு எதுக்குக் கழுவணும்?" என்றேன்.

"வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா?" என்று என் மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள்.

ஒருத்தி சிரிக்கவில்லை. "அவன் சரியாத்தான சொல்றான். சோறு தின்னுட்டுப் பந்திக்கு வர்ற மாதிரி வர்றீங்க" என்றாள்.

அந்த அக்காவைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் எழுதமாட்டேன். எங்கள் ஊரில் அக்கா என்று மொட்டையாகச் சொன்னாலே அவள்தான். இப்போது அவள் இல்லை.

அவளைப் பார்க்கவேண்டுமென்றால் பீலிக்குப் போகவேண்டும். மலையிலிருந்து வருகிற ஊற்றுத் தண்ணீர் ஒரு இரும்புக் குழாய் வழியாகக் கொட்டுகிற இடம் அது. எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குப் போகிற பாதை அதை ஒட்டித்தான் போகிறது. கொழுந்து எடுத்துவிட்டு வந்ததும் அவள் கூடையை இறக்குவது அங்கேதான். வீட்டுக்குப் போவதற்கு முன்னால் பாத்திரம், துணி, யாருடைய பிள்ளை கையில் கிடைக்கிறதோ அந்தப் பிள்ளை என்று எதையாவது கழுவிக்கொண்டிருப்பாள். பாதையில் போகிற யாரும் தப்ப முடியாது.

"நில்லு. காலக் காட்டு."

இதுதான் அவள் வாயில் அதிகம் வரும் பேச்சு. காட்டினால் ஒரு கையில் சவுக்காரம், மறுகையில் தேங்காய் நார். தோல் உரிந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அழும். குடித்துவிட்டு வருகிற ஆம்பிளைகள் சத்தம் போடுவார்கள். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான். என் கல்யாணத்துக்கு முந்தின நாள், பந்தலுக்கு மூங்கில் வெட்டிவிட்டு வந்தவனை நிறுத்தி, ஊரே பார்க்கக் காலைத் தேய்த்துவிட்டாள். "பொண்ணு வீட்டுக்காரன் மொதல்ல காலத்தான்டா பாப்பான்." என் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

தோட்டத்தில் குழந்தை பிறந்தால் முதல் குளிப்பு அவள் கைதான். யாராவது செத்தால் குளிப்பாட்டுவதும் அவள் கைதான். வேதக்காரர் வீடு, சைவக்காரர் வீடு என்று பார்க்கமாட்டாள். படுக்கையில் கிடந்த என் அம்மாவை, நாங்களே முகம் சுளிக்கிற நிலையில், மாதக்கணக்காகத் துடைத்துவிட்டவள் அவள். நன்றி சொன்னால் திட்டுவாள். "தண்ணிக்கு மொகம் தெரியாதுடா. நான் தண்ணி மாதிரி. போ."

அப்படிப்பட்டவளுக்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. காய்ச்சல் என்று கஞ்சி கொண்டுபோனால் வாசலிலேயே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துவாள். மகன் கொழும்பில் ஒரு கடையில் இருந்தான். வரச் சொன்னால் போகமாட்டாள். "அங்க போனா என்னய உக்கார வச்சிருவான்" என்பாள். உட்காருவதுதான் அவளுக்குப் பயம்.

ஈஸ்டருக்கு முந்தின இரண்டு வாரமும் கோயில் சிரமதானம் நடக்கும். நாங்கள் புல் வெட்டுவோம், சுண்ணாம்பு அடிப்போம். அக்கா வாளியோடு உள்ளே போய்விடுவாள். குருத்தோலை ஞாயிறுக்காக பஸ் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்த தென்னை ஓலைகளைக்கூடக் கழுவித்தான் தருவாள். பஸ் தூசியோடு ஆண்டவரை வரவேற்க முடியாதாம். ஒரு வருசம் பெரிய சிலுவையில் இருக்கிற மரச்சுரூபத்தையும் இறக்கிக் கழுவினாள். ஊதாத் துணி போட்டு மூடுவதற்கு முன்னால் தூசி தட்டினால் போதும் என்றுதான் சொல்லியிருந்தோம். அவள் அதே தேங்காய் நாரால் தேய்த்துவிட்டாள். இயேசுவின் கால்விரல்களில் பெயிண்ட் போய் மரம் தெரிந்தது.

நான் கத்தினேன். "என்னக்கா பண்ணி வச்சிருக்க? இது பதுளையில இருந்து வந்த சுரூபம்."

"ரெண்டு காலும் அழுக்கு. எல்லாரும் வாய வைக்கிற எடம். நீ பெயிண்ட் கேக்குற."

பெரிய வெள்ளியன்று நாங்கள் வரிசையில் போய் முத்தமிடுவது அந்தக் கால்களைத்தான். அன்றைக்கு முத்தமிட்டபோது சவுக்கார மணம் வந்தது. பாடற்குழுப் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் இடித்துச் சிரித்ததை ஃபாதர் பார்த்துவிட்டார்.

ஆள் பிடிப்பது வருசத்துக்கு வருசம் கஷ்டமாகிக்கொண்டு வந்தது. இளவட்டம் எல்லாம் கொழும்பு. வருகிற பஸ்ஸில் நாலு பேர் வந்தால் போகிற பஸ்ஸில் பத்துப் பேர் போனார்கள். ஒரு வருசம் பூசை தொடங்கப்போகிற நேரத்தில் ஒரு அப்போஸ்தலர் குறைந்துவிட்டார். மணி அடித்தாகிவிட்டது. வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து லயத்துப் பழைய கங்காணியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்தேன். அவர் மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா. தங்கமான மனுசன். "என்னப்பா செய்யணும்?" என்றார். "சும்மா உக்காருங்க, மத்தத ஃபாதர் பாத்துக்குவாரு" என்றேன்.

ஃபாதர் ஒவ்வொருவராகக் கழுவிக்கொண்டு வந்தார். சில கோயில்களில் ஒரு காலைத்தான் கழுவுவார்கள். எங்கள் ஃபாதர் இரண்டு காலையும் கழுவித் துடைத்து முத்தமிடுவார். கங்காணிக்கு முன்னால் வந்து முழங்கால் போட்டு அவர் காலைத் தொட்டதுதான் தாமதம். மனுசன் நெருப்பை மிதித்தவர்போலத் துள்ளி எழுந்தார். "சாமி, எனக்குப் பாவம் சேத்துறாதீங்க" என்று சொல்லி, சாஷ்டாங்கமாக ஃபாதரின் காலில் விழுந்தார். பேசின் கவிழ்ந்தது. முன்வரிசை முழுக்க ஈரம். ஃபாதர் அவரைத் தூக்கப் பார்க்கிறார், அவர் ஃபாதரின் காலை விடவில்லை. சிரிப்பில் கோயிலே குலுங்கியது.

அக்கா எங்கிருந்தோ துணியோடு வந்து தரையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே சொன்னாள். "அவரு மேல தப்பில்ல ஃபாதர். சாமி கால்ல நாம விழுற ஊரு இது. சாமி வந்து நம்ம கால்ல விழுந்தா யாரு உக்காந்திருப்பா?"

அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் ஃபாதர் அதையே சொன்னார். யார் சொன்னது என்று சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அக்கா கண்டுகொள்ளவில்லை.

பெண்களும் கால் கொடுக்கலாம் என்று ரோமிலிருந்து உத்தரவு வந்த வருசம், எல்லாருடைய வாயிலும் அக்கா பெயர்தான். ஊர்க் காலையெல்லாம் கழுவியவள், அவளை விட்டால் யார்? நான் பீலிக்குப் போய்க் கேட்டேன்.

"வேணாம்."

"ஏன்க்கா?"

"எனக்கு வேணாம்னா வேணாம். ஒம் பொண்டாட்டியக் குடுக்கச் சொல்லு."

என் மனைவி கொடுத்தாள். வேறு சில பெண்களும் கொடுத்தார்கள். முந்தின நாள் பீலியில் செங்கல் துண்டுக்குச் சண்டையே நடந்தது. அக்கா கடைசி வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருசமும் கேட்டேன். வேணாம். அதற்கடுத்த வருசம் எனக்குப் பொறுக்கவில்லை. பீலியில் அவள் என்னை நிறுத்தி "காலக் காட்டு" என்றபோது, "மொதல்ல நீ காட்டு" என்றேன்.

கையிலிருந்த வாளித் தண்ணீரை அப்படியே என் முகத்தில் வீசினாள். கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் போகிற பாதை முழுக்க யூக்கலிப்டஸ் தைலம் மணத்தது. அவளிடம் எப்போதும் அந்த மணம்தான். அட்டை கடிக்காமலிருக்கப் பூசுகிறாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். கொழுந்து எடுக்கும்போது பெண்கள் இடுப்பில் கட்டுகிற படங்கை அவள் மட்டும் வீட்டுக்கு வந்தும் அவிழ்க்கமாட்டாள். தடித்த பிளாஸ்டிக் சீலை, பாதம் மறைகிற நீளம். அதையும் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

அந்தப் பெரிய வெள்ளி. சிலுவைப்பாதை எங்கள் தோட்டத்தில் கோயிலுக்குள்ளே நடக்காது. கீழ் லயத்தில் தொடங்கி, கொழுந்து நிறுக்கிற மடுவத்தைத் தாண்டி, தேயிலை மலை வழியாக உச்சிக்குப் போகும். சிலுவையைச் சுமந்துகொண்டு, பதினான்கு தலங்களில் நின்று செபித்தபடி, வெறுங்காலோடு நடப்போம். அக்கா தண்ணீர்க் குடத்தோடு வருவாள், யாருக்குத் தாகமோ அவர்களுக்கு ஊற்றுவாள். மடுவத்துக்குப் பக்கத்தில் ஒரு தலத்தில் எல்லாரும் முழங்கால் போட்டோம். எழுந்தோம். அக்கா எழவில்லை. குடத்தைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

என் மனைவிதான் ஓடினாள். "மதினி, என்ன செய்யுது?" படங்கை விலக்கினாள். விலக்கியவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இடது கணுக்காலைச் சுற்றி ஒரு புண். துணி சுற்றி, அதன்மேல் துணி சுற்றி, தைலம் ஊற்றி வைத்திருந்தாள். விரல்கள் கறுத்திருந்தன. சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருந்திருக்கிறது. அவளுக்கே தெரிந்திருக்கிறது. அந்தக் காலோடுதான் மலை ஏறி இறங்கியிருக்கிறாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெரிய வெள்ளி என்றுகூடப் பார்க்காமல் திட்டினேன். "ஊர்க் காலெல்லாம் பாத்தியே, ஒன் கால யாருகிட்டயாவது காட்டியிருக்கலாம்ல? டிஸ்பென்சரி இல்லையா? பதுளை என்ன பரலோகத்துலயா இருக்கு?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் மனைவியிடம் மெதுவாகச் சொன்னாள். "புண்ணு இருக்குன்னு தெரிஞ்சா புள்ளைங்கள எங் கையில குடுப்பாங்களா?"

அவ்வளவுதான் விசயம். பிறந்த பிள்ளையைத் தரமாட்டார்கள், செத்தவரைத் தொடவிடமாட்டார்கள், பீலியில் அவள் நின்றால் மற்றவர்கள் குடத்தைத் தள்ளி வைப்பார்கள். அதற்காக ஒரு காலை அழுகவிட்டாள். முட்டாள்தனம் என்று நான் சொல்வேன். ஆனால் அவள் பயந்தது பொய்யில்லை. எங்கள் சனத்தை எனக்குத் தெரியும்.

சிலுவையை அங்கேயே சாய்த்து வைத்துவிட்டு, அவளை ஆட்டோவில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிந்திவிட்டது என்றார் டொக்டர். முழங்காலோடு எடுத்தார்கள். மகன் கொழும்பிலிருந்து வந்து கையெழுத்துப் போட்டான். அவள் கண் விழித்தபோது நானும் என் மனைவியும் கட்டிலருகே நின்றோம். அழுவாள் என்று நினைத்தேன். அவள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"அத கழுவினாங்களா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. வெட்டி எடுத்த காலைக் கேட்கிறாள். அதுவும் செத்ததுதானே. ஊரில் எந்தச் சாவையும் கழுவாமல் அனுப்பாதவள் அவள்.

"தெரியலக்கா" என்றேன்.

முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மகன் கொழும்புக்குக் கூப்பிட்டான். வரமாட்டேன் என்றாள். லயத்தில் தன் ஒற்றை அறைக் காம்பராவில் கதவுக்கு நேராக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவள் பயந்தபடிதான் நடந்தது. சாப்பாடு கொண்டுபோனார்கள், பழம் கொண்டுபோனார்கள், செபம் சொன்னார்கள். ஆனால் வருசம் திரும்பி அடுத்த தவக்காலம் வரும்வரை ஒருத்தரும் ஒரு பிள்ளையை அவள் மடியில் வைக்கவில்லை. தோட்டத்தில் பிள்ளைகள் பிறந்துகொண்டுதான் இருந்தன. வேறு யாரோ குளிப்பாட்டினார்கள். ஊன்றுகட்டையோடு பீலிவரைக்கும் நடக்கப் பழகினாள். அங்கே போய் நிற்பாள். யாரையும் "நில்லு" என்று சொல்லமாட்டாள். பிள்ளைகள் ஓடிப்போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். எனக்கு அந்தப் பக்கம் போகவே பிடிக்கவில்லை.

கடைசியில் அதை மாற்றியது எங்கள் கோயில்காரர்கள் இல்லை. வெட்கக்கேடு, ஆனால் உண்மை. அன்றைக்கு ஃபாதரின் காலில் விழுந்த கங்காணியின் மருமகள் ஒரு பெண் பிள்ளை பெற்றிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே, கங்காணி பிள்ளையைத் துணியில் சுற்றித் தன் கையாலே தூக்கிக்கொண்டு அக்கா வாசலுக்கு வந்தார். பின்னால் மருமகள் சுடுதண்ணீர்ப் பானையோடு.

"என்ன கங்காணி?" என்றாள் அக்கா.

"என்னன்னு கேக்குற. தண்ணி ஆறுது."

"கால் இல்லாதவ கங்காணி நான்."

"புள்ளைய காலாலயா குளிப்பாட்டுவ?"

ஸ்டூலில் உட்கார்ந்தபடியே குளிப்பாட்டினாள். இருக்கிற காலின் தொடைமேல் பிள்ளையைக் குப்புறப் போட்டு, மற்றப் பக்கம் மருமகளின் முழங்காலை முட்டுக்கொடுக்க வைத்துக்கொண்டாள். பிள்ளை கத்திய கத்தல் மேல் லயம்வரை கேட்டது. நான் பாதையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெரிய வியாழனுக்கு நான் அவளைக் கேட்கவில்லை. அவளே கூப்பிட்டு அனுப்பினாள். "ஒரு நாக்காலி கூடப் போடு" என்றாள். "கைப்பிடி உள்ளதாப் போடு. விழுந்து கிழுந்து தொலைக்கப்போறேன்."

அன்றைக்குப் பகல் முழுக்க மழை. பூசைக்கு எல்லாரும் வழக்கம்போலப் பளபளவென்று வந்து உட்கார்ந்தார்கள். அக்கா பீலிப் பாதையில் ஊன்றுகட்டையோடு வந்தாள். ஒற்றைக்கால் முழங்கால்வரை செம்மண். செருப்புக்கூட இல்லை. வாசலில் நின்ற பாடற்குழுப் பெண் ஒருத்தி பதறிப்போய், "பெரியம்மா, கால கழுவிட்டு வாங்க" என்றாள்.

"அதுக்குத்தான்டி வந்திருக்கேன்."

கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஃபாதர் வந்து முழங்கால் போட்டார். தண்ணீர் ஊற்றினார். பேசின் சிவந்தது. இன்னும் ஊற்றினார். மண் விடவில்லை. அவர் விரலால் தேய்க்கவேண்டியிருந்தது. எங்கள் கோயிலில் ஒருவர் உண்மையாகவே கால் கழுவியதை நான் முதல்முதலாகப் பார்த்தேன். அக்கா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், சரியாகச் செய்கிறாரா என்று. ஒரு இடத்தில், "விரலுக்கு எடையில, ஃபாதர்" என்றாள். அவரும் விரலுக்கு இடையில் கழுவினார். துடைத்தார். முத்தமிட்டார்.

பிறகு வழக்கம்போல மற்றக் காலுக்குக் கையை நீட்டினார்.

அங்கே சேலை மட்டும்தான் தொங்கியது. கை அப்படியே நின்றுவிட்டது. வரிசையாக எல்லாருடைய இரண்டு காலையும் கழுவிக்கொண்டு வந்தவரின் கை. அவர் நிமிர்ந்து அவளைப் பார்க்கவும் முடியாமல், கையை எடுக்கவும் முடியாமல் இருந்தார். பாடற்குழு பாட்டை நிறுத்திவிட்டது. கூரைத் தகரத்தில் மழை மட்டும்.

அக்கா குனிந்து அவரிடம் சொன்னாள். முன்வரிசையில் நின்ற எனக்குக் கேட்டது.

"அது கழுவாமப் போயிருச்சு ஃபாதர். அதுக்கும் கொஞ்சம் ஊத்துங்க."

ஃபாதர் செம்பை எடுத்தார். சேலைக்குக் கீழே, ஒன்றும் இல்லாத இடத்தில், மெதுவாக ஊற்றினார். அவசரப்படாமல், ஒரு காலுக்கு எவ்வளவு ஊற்றுவாரோ அவ்வளவும் ஊற்றினார். தண்ணீர் நேராகப் பேசினுக்குள் விழுந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

அதற்கடுத்த தவக்காலத்தை அவள் பார்க்கவில்லை. அவளைக் குளிப்பாட்டும்போது பெண்கள், இதுவா முதலில் அதுவா முதலில் என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டார்கள் என்று என் மனைவி சொன்னாள். அவள் இருந்தவரை யாரும் கற்றுக்கொள்ளவில்லை.

இப்போது பீலியை மூடித் தொட்டி கட்டி, லயத்துக்கு லயம் குழாய் போட்டுவிட்டார்கள். நல்லதுதான். பழைய இரும்புக் குழாயில் மட்டும் கொஞ்சம் ஒழுகிக்கொண்டிருக்கிறது. சுரூபத்தின் கால்விரலுக்குப் பெயிண்ட் அடிக்கவேண்டும் என்று ஒவ்வொரு தவக்காலமும் யாராவது சொல்வார்கள். அடித்தால் நான் இந்தக் கோயில் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இந்த வருசமும் ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இந்த வருசமும் கழுவிவிட்டுத்தான் வருவார்கள். திட்டித் திட்டி எனக்கும் அலுத்துவிட்டது.

ஃபெக்டரி விட்டு வரும்போது அந்தத் திருப்பத்தில் என் நடை தானாகவே குறைகிறது. வயது போன ஆம்பிளை, சேற்றுக் காலோடு, ஒழுகுகிற குழாய்ப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்கிறேன். பிள்ளைகள் என்னைத் தாண்டி ஓடுகிறார்கள். அவர்களுடைய கால்களையும் பார்க்கிறேன். அவ்வளவு அழுக்கு.

யாரும் நில்லு என்று சொல்வதில்லை. அப்படியே வீட்டுக்குப் போகிறேன்.